பாதியில் நிறுத்திய ஜெபமாலை

மூன்று மணிச் சுற்றுக்குப் பயணிகள் ஆறு பேர் வந்தார்கள். போர்ம்லா என்ற அந்தத் துறைமுக ஊரின் படித்தெருக்களில் ஆகஸ்ட் வெயிலில் ஏறி வந்தவர்களுக்கு முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. நான்கு போலந்துப் பெண்கள், ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி. வாசல் பலகையில் "போர்க்காலப் பதுங்கு அறைகள்" என்று எழுதி, அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில் "உள்ளே குளுகுளு" என்று வீட்டுக்காரன் விஸ்தீன் எழுதி வைத்திருந்தான். பாதிப் பேர் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் வருவார்கள்.

விஸ்தீன் இடது தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வலது கையால் தலைக்கவசங்களை எடுத்துக் கொடுத்தான். குழந்தை பெப்பிக்கு ஐந்து மாதம். புட்டிப்பாலை வாயில் வைத்தால் துப்பிவிடுவான். மூன்று வகைப் புட்டி வாங்கிப் பார்த்தாயிற்று, மூன்றையும் துப்பினான். அவனுக்கு அம்மாதான் வேண்டும். ஆகவே பயணிகளை அழைத்துப் போய்க் காட்டும் மார்த்தீஸின் நாள் முழுவதும் இரண்டு சுற்றுக்கு நடுவே ஒரு பால், இரண்டு பாலுக்கு நடுவே இரண்டு வாய் ரொட்டி என்று ஓடிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் முடிச்சிட்டு வா. நாலு மணிக்கு மேல இவன் என்னை உயிரோட விடமாட்டான்" என்றான் விஸ்தீன்.

"உன்னை அவன் என்ன பண்ணுவான், பல்லே இல்ல."

"பல்லில்லாமலே காதைக் கடிக்கிறான். உன் பிள்ளைதானே."

மார்த்தீஸ் சிரித்துக்கொண்டே முன்னால் இறங்கினாள். சமையலறைத் தரையிலிருந்து நாற்பத்து மூன்று படிகள். அந்த வீட்டை வாங்கியபோது கீழே இப்படியொன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் எந்தப் பழைய வீட்டுக்கடியில்தான் இல்லை! குண்டு விழுந்த காலத்தில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து மஞ்சள் பாறையைக் குடைந்து வெட்டியது. முதல் அறை தெருவுக்கெல்லாம் பொது. இரண்டாவது பிரசவத்துக்கு. அங்கிருந்து இருபது அடி நீளமுள்ள குறுகலான நடையைக் கடந்தால் மூன்றாவது அறை. மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய இருக்கை, அதன்மேல் மரப்பலகை, சுவரில் ஒரு மாடம், மாடத்தில் மூக்குடைந்த மாதா சுரூபம்.

மூன்றாவது அறையில் வைத்துத்தான் மார்த்தீஸ் கதையைச் சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஏப்ரல். பக்கத்து வீட்டில் விழுந்த குண்டில் அந்த நடை இடிந்து அடைத்துக்கொண்டது. உள்ளே ஏழு பேர். அவர்களில் கார்மெனா என்றொருத்தி, பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆனவள். தெருவுக்கே ஜெபமாலை முன்சொல்பவள் அவள்தான். வெளியிலிருந்து தோண்டியவர்களுக்கு இரண்டு நாள் அவளுடைய குரலும் மற்றவர்களின் மறுமொழியும் கேட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் கேட்கவில்லை. தோண்டி முடித்துப் பார்த்தபோது எல்லாரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு மார்த்தீஸ் ஒரு நிமிடம் விளக்கை அணைப்பாள். அந்த இருட்டில் தன் ஊர் மொழியில் மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்குவாள். "அருள் நிறைந்த மரியே, வாழ்க" என்று ஆரம்பித்து, முன்சொல்பவரின் பங்கு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திவிடுவாள். மறுபாதியைச் சொல்ல ஆளில்லாத அந்த அமைதி இருக்கிறதே, அதில் கல்நெஞ்சுக்காரனும் மூக்கை உறிஞ்சுவான். பிறகு சட்டென்று விளக்கு. இரண்டு கோடைக்காலமாக ஒரு நாளைக்கு நான்கு தடவை இதே நாடகம்.

அவளுக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. அவளுடைய அம்மா வீட்டில் ஜெபமாலை தொடங்கிவிட்டால் பத்துப் பத்து ஜெபமாக ஐந்து பத்தும் முடிந்து, மாதாவின் பட்டங்களைச் சொல்லும் பிரார்த்தனையும் முடிந்து, கடைசி ஆமென் சொல்லும்வரை ஒருத்தரும் முழங்காலை எடுக்கக் கூடாது. அடுப்பில் மக்ரோனி கருகினாலும் கருகட்டும். பாதியில் எழுந்தால் முதுகில் ஒன்று விழும். அப்படி வளர்ந்தவள்தான் இப்படிச் செய்கிறாள். பயணிகள் அழுகிறார்கள், நல்லபடியாக எழுதிப் போடுகிறார்கள், பிறகென்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அன்றைக்கும் விளக்கை அணைத்தாள்.

ஊரில் திருவிழா வாரம். எந்த நேரத்தில் வெடி போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அவள் "அருள் நிறைந்த" என்று தொடங்கியதும் மேலே எங்கோ ஒரு பெரிய வெடி வெடித்தது. பாறை வழியாக அது காதில் விழவில்லை, முதுகெலும்பில் விழுந்தது. தலைக்கவசத்தின்மேல் பொடிமண் உதிர்ந்தது. போலந்துப் பெண்களில் ஒருத்தி வீல் என்றாள். மார்த்தீஸ் விடாமல் தன் பங்கைச் சொல்லி முடித்து நிறுத்தினாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

மறுபாதியை யாரோ சொன்னார்கள்.

ஒருவர் இல்லை. நாலைந்து பேர் தூக்கக் கலக்கத்தில் சொல்வதுபோல, ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியுமாக, அவள் அம்மா வீட்டில் சொன்ன அதே இழுப்போடு சொன்னார்கள்.

மார்த்தீஸ் விளக்கைத் தட்டினாள். ஆறு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பலகைகள் காலி.

"அபாரம்!" என்றார் ஸ்காட்லாந்துப் பெரியவர். "ஸ்பீக்கரை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

அவர்கள் யாருக்கும் அவளுடைய மொழி தெரியாது. மார்த்தீஸ் காலிப் பலகைகளை இன்னொரு தடவை பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு எல்லாரையும் படியேற்றினாள்.

மேலே வந்ததும் விஸ்தீனைத் தனியாக இழுத்துச் சொன்னாள்.

"எதிரொலி" என்றான் அவன்.

"நான் சொன்னது முன்பாதி. எதிரொலி பின்பாதியைச் சொல்லுமா, மடையா?"

"அப்ப அந்தக் கெழவன் சொல்லியிருப்பான். சும்மா பயப்படாத. முதல்ல இவனுக்குப் பால் குடு, கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போச்சு." பிறகு பயணிகள் திருப்பிக் கொடுத்த தலைக்கவசங்களை எண்ணிப் பார்த்தவன், "அஞ்சுதான் இருக்கு. ஒண்ணைக் கீழயே விட்டுட்டு வந்துட்டாங்க" என்றான்.

போலந்துப் பெண்கள் போய்விட்டார்கள். பெரியவர் வாசலில் தலையைச் சொறிந்தார். அவர்தான் மூன்றாவது அறையின் பலகையில் கழற்றி வைத்தாராம். நாலரை மணிச் சுற்றுக்கு எட்டுப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள், இருப்பதே எட்டுக் கவசம்.

"நான் போறேன், நீ உட்காரு" என்றான் விஸ்தீன். ஆனால் பெப்பி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் கை மாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. மார்த்தீஸுக்குத் தன் பயத்தின்மேலேயே கோபம் வந்தது. சொந்த வீட்டுக்குள் என்ன பயம்?

"ரெண்டு நிமிஷம். வந்து குடுக்கிறேன்" என்று சொல்லி இறங்கினாள். கைப்பேசி மேசையிலேயே கிடந்தது.

கவசம் பலகையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினாள். மேலே அடுத்த வெடி போட்டார்கள்.

விளக்கு போயிற்று.

வெடி அதிர்ச்சியில் கம்பி கழன்றிருக்கும் என்று நினைத்தாள். இருட்டு அவளுக்குப் புதிதில்லை. இடது கையைச் சுவரில் வைத்து நடந்தால் வாசல், இருபது அடி நடை, பிறகு பிரசவ அறை, பிறகு பொது அறை, படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவாள். சுவர் ஈரமாக, சில்லென்று இருந்தது. அடியை எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

முழங்காலில் பலகை இடித்தது.

தடவிப் பார்த்தாள். அதே இருக்கை. அதற்கு மேலே மாடம், மாடத்துக்குள் மூக்குடைந்த சுரூபம்.

திசை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி சுவரைப் பிடித்தாள், மறுபடி எண்ணினாள். இருபதாவது அடியில் பலகை. மூன்றாவது தடவை தவழ்ந்தே போனாள், கையும் காலும் தரையை விடாமல். தரையில் நடையின் சரிவு தெரிந்தது, பிரசவ அறையின் வாசல்படி கைக்குத் தட்டுப்பட்டது, அதைத் தாண்டினாள், நெற்றியில் பலகை இடித்தது.

மண்ணெண்ணெய் வாடை வந்தது. அதோடு குளிக்காத உடம்புகளின் வாடை.

மேலே காற்றுக்காக வெட்டிய குழாய்த்துளை வழியாகப் பெப்பி அழுவது கேட்டது. பசி முற்றிய அழுகை, மூச்சைப் பிடித்து விட்டு விட்டு அழுவது. விஸ்தீன் சுருதி சேராத குரலில் ஏதோ பாடிச் சமாதானம் செய்வதும் கேட்டது.

"விஸ்தீன்!" என்று கத்தினாள். "விஸ்தீன், விளக்கு! கீழ வா!"

பாட்டு நிற்கவில்லை. தொண்டை கிழியும் மட்டும் கத்தினாள். அவர்களுடைய ஒவ்வொரு சத்தமும் இவளுக்கு வருகிறது, இவளுடைய சத்தம் ஒன்றுகூட மேலே போகவில்லை. பெப்பியின் அழுகைக்கு அவள் மார்பு கனத்து, கடுத்து, சட்டை நனையத் தொடங்கியது. உடம்புக்கு என்ன தெரியும்? பிள்ளை அழுதால் அது பாட்டுக்குச் சுரக்கும்.

இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..." என்று அந்தக் குரல்கள் மறுபடி சொன்னன. முடித்தன. காத்திருந்தன.

பலகை கிறீச்சிட்டது. மூன்று பக்கமும்.

மார்த்தீஸுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபோது பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. இரண்டு கோடைக்காலமாக இவள் தொடங்கி வைக்கிறாள், அவர்கள் ஜெபமாலை மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். இவள் விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஜெபம் முடியும்வரை அவர்களால் எழுந்திருக்க முடியாது. இன்றைக்கு இவளையும் எழுந்திருக்க விடமாட்டார்கள்.

"சரி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "சொல்றேன். முழுசாச் சொல்றேன். என் பிள்ளை பசியோட இருக்கான், என்னை விட்டுடுங்க."

பலகையில் ஒரு ஆள் உட்காருமளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்தாள். இரண்டு தோளிலும் யாரோ இடித்தார்கள்.

விரல்களை மடித்து எண்ணிக்கொண்டு தொடங்கினாள். முதல் பத்து. அவள் சொல்லச் சொல்ல அவர்கள் மறுமொழி சொன்னார்கள். ஒரு ஆண்குரல் இருமலோடு வந்தது. ஒரு கிழக்குரல் எப்போதும் கடைசி வார்த்தையை இழுத்தது. வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. அவள்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே பெப்பியின் குரல் கம்மிப்போயிற்று.

இரண்டாம் பத்தின் நடுவில், வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"பிள்ளையைச் செத்த பிடிச்சுக்கடி. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

 மார்த்தீஸ் ஜெபத்தை விடவில்லை.

மடியில் ஒரு பாரம் வந்து படிந்தது.

ஈரக்கல்லைத் துணியில் சுற்றி வைத்ததுபோல இருந்தது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்றுதான் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பட்டது ஒரு தலை. ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுக்குத்தான் இருந்தது, உச்சிக்குழி மெத்தென்று. அது அசைந்தது. நனைந்த சட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது.

"எனக்குப் பாலே இல்லடி" என்றாள் அந்தப் பெண். "ரேஷன் ரொட்டியத் தின்னுட்டு எங்கேருந்து சுரக்கும்? அழக்கூட மாட்டேங்குது பாரு."

"வேண்டாம்" என்றாள் மார்த்தீஸ். ஜெபம் அறுந்தது.

மறுமொழி நின்றது. பலகை கிறீச்சிடவில்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. காத்திருந்தார்கள். அவர்களுக்கென்ன, எண்பது வருஷம் காத்திருந்தவர்கள். மேலே பெப்பி ஒரு தடவை விக்கினான். அதற்குப் பிறகு அவன் சத்தமும் இல்லை.

என் பிள்ளை என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. எப்படியாவது என் பிள்ளையிடம் போக வேண்டும். என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

சட்டையின் வலப்பக்கத்தை விலக்கினாள்.

வாய் வந்து பற்றியபோது ஐஸ் வைத்ததுபோல் உடம்பு தூக்கிப் போட்டது. பற்கள் கிட்டித்தன. ஆனால் குடித்த குடி குழந்தையின் குடிதான். மூன்று வாரத்துக் குழந்தை குடிப்பதுபோலவே நாலு இழுப்பு, ஒரு ஓய்வு, நாலு இழுப்பு. மார்த்தீஸ் அழுதுகொண்டே ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். மூன்றாம் பத்து. நான்காம் பத்து. அவளையறியாமல் அவளுடைய உள்ளங்கை அந்தச் சின்ன முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள். கையை நிறுத்தவில்லை.

ஐந்தாம் பத்து முடிந்தது. பிரார்த்தனை ஆரம்பித்தது.  மாதாவின் பட்டங்களை அவள் முழுதாகச் சொல்லிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. சின்ன வயதில் மனப்பாடம். "மறைபொருளின் ரோஜாவே" என்றாள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். "தாவீது ராஜாவின் உப்பரிகையே." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அதற்கு மேல் வரவில்லை. மூளை துடைத்துவிட்ட பலகையாய்க் கிடந்தது.

"எனக்குத் தெரியல" என்று விம்மினாள். "சத்தியமா மறந்துபோச்சு."

"தந்தமயமான உப்பரிகையே" என்று காதோரம் கிசுகிசுத்தாள் கார்மெனா. "சொல்லு. நான் எடுத்துக் குடுக்கிறேன். எனக்குத் தொண்டை போயிடுச்சு, அதான் உன்னைச் சொல்லச் சொல்றது."

ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக இவள் சொன்னாள். மடியிலிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது.

"ஆமென்" என்றாள் மார்த்தீஸ்.

"ஆமென்."

பலகைகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. துணிகள் உரசும் சத்தம். மரச்செருப்புகள் கல்லில் தட்டும் சத்தம். ஒரு வாளியை யாரோ எடுத்தார்கள். அவள் முழங்காலை உரசிக்கொண்டு ஒவ்வொருவராக நடைப்பக்கம் போனார்கள். இருமல் தூரமாகப் போய்த் தேய்ந்தது.

விளக்கு வந்தது.

மடி காலி. தலைக்கவசம் காலடியில் கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். இருபது அடியில் நடை முடிந்தது, பிரசவ அறை வந்தது, பொது அறை வந்தது, படி வந்தது. நாற்பத்து மூன்று படியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்ன, ஓட்டப்பந்தயமா?" என்றான் விஸ்தீன். ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் வாசலில் நின்று மனைவியின் கைப்பை வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெப்பி தகப்பன் தோளில் கத்திக்கொண்டிருந்தான், முகம் சிவந்து, உயிரும் துடிப்புமாக. "கவசம் எங்க?"

அவள் பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்தாள்.

"நாலரை மணிக்காரங்களுக்கு வரவேண்டாம்னு சொல்லிடு. நாளைக்கும் வேண்டாம். கதவைப் பூட்டு" என்றாள்.

விஸ்தீன் அவள் முகத்தைப் பார்த்தான். வாய்வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டு, போய் வாசல் பலகையைக் கழற்றினான்.

மாடி அறையில் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. துறைமுகத்து வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. கீழே தெருவில் யாரோ பஸ்திச்சிப் பலகாரம் விற்றுக்கொண்டு போனார்கள், சுட்ட மாவின் நெய்மணம் மேலே ஏறி வந்தது. மார்த்தீஸ் கட்டிலில் சாய்ந்து பெப்பியை இடப்பக்கம் போட்டுக்கொண்டாள். அவன் வெந்நீர் ஒத்தடம்போல் கதகதவென்று இருந்தான். மூக்கால் உறுமிக்கொண்டே குடித்தான், அவளைக் கண்கொட்டாமல் பார்த்தான், குடித்துக்கொண்டே தூங்கிப்போனான். வெளியே வந்துவிட்டேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதாள்.

கீழே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு விஸ்தீன் மேலே வந்தான். தூங்கும் பிள்ளையை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினான். பெப்பி ஒரு ஏப்பம் விட்டான்.

"நல்லாக் குடிச்சிட்டான். எந்திரிச்சு வா, ரொட்டியில தக்காளி தேய்ச்சு வச்சிருக்கேன், நீ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றான்.

மார்த்தீஸ் எழுந்திருக்கவில்லை. அவளுடைய வலது கை யாரையோ ஏந்தியிருப்பதுபோல் மடங்கியே இருந்தது. வலப்பக்கத்துச் சட்டை சின்னதாக உள்ளே போய் வெளியே வந்தது. நாலு இழுப்பு, ஒரு ஓய்வு.

"மார்த்தீஸ்?"

"இரு" என்றாள் அவள், சத்தம் போடாமல். "இன்னும் குடிச்சு முடியல."